டிராயிங்கா, மாடலா: எது சொல்வது செல்லும்?

இன்றைக்கு ஒரு இயந்திரப் பாகத்தை வடிவமைப்பவர் கேட் (கணினி வழி வடிவமைப்பு) மென்பொருளில் நேரடியாக முப்பரிமாண மாடலாகவே அதை உருவாக்குகிறார். எந்தப் பரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மைக்ரானுக்கும் கீழே துல்லியமாக அந்த மாடலுக்குத் தெரியும். அப்புறம் அவரே உட்கார்ந்து, மாடலிலிருந்து முன்தோற்றம், பக்கத்தோற்றம், வெட்டுத்தோற்றம் என்று தட்டையான படங்களை எடுத்து, அளவுகளையும், அவை எவ்வளவு தவறலாம் என்ற டாலரன்ஸ்களையும் எழுதி ஒரு டிராயிங் தயாரிக்கிறார். அது பி.டி.எஃப். ஆகிச் சப்ளையருக்குப் போகிறது. அங்கே சி.என்.சி. எனும் கணினி இயக்கும் வெட்டு இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதுபவர் அந்தத் தாளைப் பார்த்து மறுபடியும் ஒரு முப்பரிமாண மாடலைக் கட்டுகிறார். மாடலும் கூடவே வந்திருந்தால், அதைத் திறந்து வைத்துக்கொண்டு தாளோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறார். தரப் பரிசோதகர் அதே தாளில் ஒவ்வோர் அளவுக்கும் பலூன் (சிறு வட்டம்) போட்டு எண் கொடுத்து, எல்லாவற்றையும் எக்செலில் கையால் தட்டி ஏற்றுகிறார்.

ஒரே தகவல் இப்படி மூன்று நான்கு முறை கையால் நகலெடுக்கப்படுகிறது. ஒவ்வொரு நகலிலும் தவறு நுழைய இடம் உண்டு. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. மாடலில் ஒரு சுவரின் தடிமன் 12 மி.மீ., டிராயிங்கில் 12.5 மி.மீ. என்று இருந்தால் எது செல்லும்? பெரும்பாலான இடங்களில் டிராயிங்தான் செல்லும். இத்தனை துல்லியமான மாடல் 'பார்வைக்கு மட்டும்' என்ற ஒரு வரியோடு ஒதுக்கி வைக்கப்படுகிறது.

மாடல் பேஸ்டு டெஃபனிஷன், சுருக்கமாக எம்.பி.டி., இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. பாகத்தைப் பற்றிச் சட்டபூர்வமாகச் செல்லுபடியாகும் மூல ஆவணம் மாடல்தான். அளவு, டாலரன்ஸ், டேட்டம் (அளப்பதற்கு ஆதாரமாகக் கொள்ளும் பரப்பு அல்லது அச்சு), பரப்பின் வழவழப்பு, மூலப்பொருள், வெப்பச் சிகிச்சை, ரிவிஷன் எண் என்று எல்லாமே மாடலுக்குள்ளேயே இருக்கும். டிராயிங் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது மாடலிலிருந்து பிறந்தது; அதற்கென்று தனி அதிகாரம் கிடையாது.

இதைக் காகிதம் மிச்சம் பிடிக்கும் வேலையாகப் பலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படிப் புரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்பது என் உறுதியான கருத்து. இதன் உண்மையான பலன், ஒரு டாலரன்ஸ் எந்தப் பரப்பைப் பற்றிப் பேசுகிறது, எதை ஆதாரமாகக் கொண்டு பேசுகிறது என்பதை இன்னொரு மென்பொருள் மனிதத் துணையில்லாமல் புரிந்துகொள்வதில் இருக்கிறது. அது நடக்கவில்லை என்றால், டிராயிங்கை எடுத்து மாடலின் மேல் ஒட்டியதோடு வேலை நின்றுவிடுகிறது.

தாள் எப்படி அதிகாரம் பெற்றது

முப்பரிமாணப் பொருளை இரண்டு தளங்களில் வீழ்த்தி வரைந்து, அதிலிருந்து பொருளைச் சந்தேகமில்லாமல் மீட்டெடுக்க முடியும் என்பதை ஒழுங்கான கணித முறையாக ஆக்கியவர் பிரான்ஸின் காஸ்பார் மோன்ஜ். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இராணுவப் பொறியியல் பள்ளியில் அவர் கற்பித்த இந்த முறை நெடுநாள் இராணுவ ரகசியமாகவே காக்கப்பட்டது. 1799இல்தான் தனிப் புத்தகமாக வந்தது. இன்றைய டிராயிங்கின் தோற்றங்கள் அந்த வடிவியலில் இருந்து வளர்ந்தவை.

ஆனால் தோற்றங்கள் பாகத்தின் வடிவத்தை மட்டுமே சொல்லும். எவ்வளவு தவறலாம் என்பதைச் சொல்ல வேறொரு மொழி தேவைப்பட்டது. அங்கே முக்கியமான பெயர் ஸ்டான்லி பார்க்கர். ஸ்காட்லாந்தில் டார்ப்பிடோ தயாரித்த அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவர், 1940வாக்கில் ஒரு எளிய உண்மையைச் சுட்டிக்காட்டினார். ஒரு துளையின் மையம் இரண்டு திசையிலும் ±0.1 மி.மீ. இருக்கலாம் என்று எழுதினால், அனுமதிக்கப்பட்ட பகுதி ஒரு சதுரம். மையம் அந்தச் சதுரத்தின் மூலையில் இருந்தால், இருக்க வேண்டிய இடத்திலிருந்து 0.141 மி.மீ. தள்ளி இருக்கும், அந்தப் பாகம் தேறிவிடும். அதே மையம் ஒரு அச்சின் வழியே 0.12 மி.மீ. மட்டும் தள்ளி இருந்தால் பாகம் நிராகரிக்கப்படும். போல்ட்டுக்குத் திசை தெரியாது; எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே அதற்கு முக்கியம். எனவே பகுதி வட்டமாக இருக்க வேண்டும். அந்தச் சதுரத்தைச் சுற்றி வட்டம் போட்டால் பரப்பு 57 சதவீதம் கூடுகிறது. பாகத்தின் வேலை கொஞ்சமும் கெடாமல் நிராகரிப்பு குறைகிறது.

இந்தச் சிந்தனை வளர்ந்துதான் ஜி.டி. அண்ட் டி. என்று நாம் அழைக்கும் வடிவியல் டாலரன்ஸ் முறை வந்தது. அமெரிக்காவில் ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.5, மற்ற பல நாடுகளில் ஐ.எஸ்.ஓ. 1101 போன்ற தரநிலைகள் அதன் இலக்கணம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த மொழி தொடக்கத்திலிருந்தே பரப்புகளையும் அச்சுகளையும் பற்றித்தான் பேசுகிறது. தாளில் இருக்கும் கோடுகளைப் பற்றி அது பேசவே இல்லை. கணினி முப்பரிமாணத்தில் பரப்புகளைக் கையாளத் தொடங்கியதும், இந்த மொழிக்கு ஏற்ற இடம் மாடல்தான் என்பது இயல்பாகிவிட்டது.

அது நடைமுறைக்கு வர நேரம் பிடித்தது. 1994இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 777, முழுக்கக் கணினியில் முப்பரிமாணமாக வடிவமைக்கப்பட்ட முதல் பயணிகள் ஜெட் விமானம் என்று பெயர் பெற்றது. ஆனாலும் டிராயிங் போய்விடவில்லை. 2009 டிசம்பரில் பறந்த 787 திட்டத்தில்தான் போயிங் எம்.பி.டி.யைப் பெரிய அளவில் கையாண்டது. இடையில், மாடலுக்குள் டாலரன்ஸ்களை எப்படி எழுதுவது, எப்படிக் காட்டுவது என்பதற்கு 2003இல் ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.41 தரநிலையும், அதையொட்டி 2006இல் ஐ.எஸ்.ஓ. 16792 தரநிலையும் வந்தன. மாடல் மட்டும் போதும் என்பதையும், மாடலோடு டிராயிங்கும் இருக்கலாம் என்பதையும் இரண்டுமே ஏற்கின்றன.

ஒரு பேரிங் ஹவுசிங்

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் விஷயம் பிடிபடாது. ஒரு எளிய ஃபிளாஞ்ச் வகை பேரிங் ஹவுசிங்கை, அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கைப் பிடித்துவைக்கும் உறையை, எடுத்துக்கொள்வோம். உள்ளே 6205 எண் பேரிங் உட்காரும். அதன் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மி.மீ. ஹவுசிங்கின் பின்பக்கம் 70 மி.மீ. விட்டத்தில் ஒரு ஸ்பிகாட், அதாவது வெளியே நீளும் உருளைப் பகுதி; அது இயந்திரச் சட்டத்தின் துளைக்குள் நுழைந்து மையத்தைப் பிடிக்கிறது. ஃபிளாஞ்சில், அதாவது சுற்றி நீளும் தட்டையான விளிம்பில், 100 மி.மீ. விட்ட வட்டத்தில் நான்கு துளைகள், எம்8 போல்ட்டுக்காக 9 மி.மீ. விட்டத்தில்.

முதல் கேள்வி: பொருத்தும்போது எது எதில் உட்காருகிறது? ஃபிளாஞ்ச் முகம் சட்டத்தில் பதிகிறது, எனவே அது டேட்டம் ஏ. ஸ்பிகாட்டின் அச்சு டேட்டம் பி. எந்தத் திடப்பொருளுக்கும் மூன்று நகர்வு, மூன்று சுழற்சி என ஆறு வகை அசைவு உண்டு. ஃபிளாஞ்ச் முகம் ஒரு நகர்வையும் இரண்டு சுழற்சியையும் தடுக்கிறது. ஸ்பிகாட் மற்ற இரண்டு நகர்வுகளைத் தடுக்கிறது. மிச்சம் இருப்பது தன் அச்சைச் சுற்றிய சுழற்சி ஒன்றுதான். துளைகள் நான்கும் சம இடைவெளியில் இருப்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பக்கவாட்டில் ஒரு கிரீஸ் துளை இருந்தால் மட்டும், அந்த நான்கு துளைகளையும் சேர்த்து டேட்டம் சி ஆக்கிவிட்டு, கிரீஸ் துளை எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று கட்டிப்போடலாம்.

அடுத்து டாலரன்ஸ். பேரிங் உட்காரும் துளை 52 எச்7, அதாவது 52.000 முதல் 52.030 வரை. அதன் அச்சு, ஏ, பி இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது 0.02 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் இருக்க வேண்டும். போல்ட் துளைகள் 9.0 முதல் 9.2 வரை. எதிர்ப்பக்கம் மரையுள்ள துளைகள் என்பதால், 9க்கும் 8க்கும் இடையில் உள்ள 1 மி.மீ. இடைவெளியை இரண்டு பாகங்களும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. எனவே துளை 9.0 ஆக இருக்கும்போது பொசிஷன் டாலரன்ஸ் 0.5. துளை பெரிதாக ஆக, இந்த அனுமதியும் அதே அளவுக்குக் கூடும், 9.2 ஆனால் 0.7. இதுபோகப் பாகத்தின் மற்ற எல்லாப் பரப்புகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு ப்ரொஃபைல் டாலரன்ஸ் (பரப்பு மாடலின் வடிவத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது), ஏ, பி ஆதாரத்தில் 0.5.

இவ்வளவையும் மாடலில் எழுத ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு குறிப்புகள் போதும். விளிம்பு வளைவின் ஆரம், ஃபிளாஞ்சின் தடிமன், துளை வட்டத்தின் விட்டம் 100 என்பது எதையும் தனியாக எழுத வேண்டியதில்லை. மாடலே சரியான வடிவம் என்பதால், தேவைப்படுபவர் மாடலிடமே கேட்டு அளந்துகொள்ளலாம். 'டிராயிங்கை அளந்து பார்க்காதே' என்று தாளில் அச்சடித்த காலம் போய், மாடலை அளந்து பார் என்று தரநிலையே அனுமதிக்கும் காலம் இது. பழகியவர்களுக்கு மிகவும் தடுமாற்றம் தரும் மாற்றம் இதுதான்.

புதிதாக இறங்குபவர்கள் செய்யும் தவறும் இங்கேதான் நேர்கிறது. டிராயிங்கில் இருந்த அத்தனை அளவுகளையும் ஒன்று விடாமல் மாடலில் தொங்கவிடுகிறார்கள். எழுத்துகளுக்கு நடுவே பாகமே தெரியாமல் போகிறது. பார்க்கிறவர் 'தாளே தேவலாம்' என்று முடிவு கட்டிவிடுகிறார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. குறிப்புகளைக் குறைத்து, பேரிங் துளைக்கு ஒன்று, ஃபிளாஞ்சுக்கு ஒன்று, பொதுக் குறிப்புகளுக்கு ஒன்று என்று சில பார்வைகளைச் சேமித்துக் கொடுத்தால், ஒவ்வொரு பார்வையும் தெளிவாக இருக்கும்.

கண்ணுக்குத் தெரிவதும் கணினிக்குப் புரிவதும்

மாடலுக்குள் எழுதும் இந்தத் தகவல்களுக்குப் பொதுப்பெயர் பி.எம்.ஐ.; தயாரிப்பைப் பற்றியும் உற்பத்தியைப் பற்றியும் உள்ள தகவல்கள். இதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் எம்.பி.டி.யில் பாதி விளங்கிவிடும்.

முதல் விதத்தில், 0.5 என்ற எண்ணும் அதைச் சுற்றிய கட்டமும் வெறும் கோட்டுத் துண்டுகளாகச் சேமிக்கப்படுகின்றன. திரையில் அழகாகத் தெரியும், எந்த மென்பொருளில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் கணினியைப் பொறுத்தவரை அது ஒரு புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்ததைப் போன்றது; மனிதர் படிக்கலாம், அதில் ஒரு சொல்லைத் தேடித் தரும்படி கணினியைக் கேட்க முடியாது. இரண்டாவது விதத்தில், 'இது ஒரு பொசிஷன் டாலரன்ஸ், மதிப்பு 0.5, பகுதி உருளை, துளை பெரிதானால் அனுமதி கூடும், முதல் ஆதாரம் ஏ, இரண்டாவது பி, இது பொருந்துவது இந்த நான்கு உருளைப் பரப்புகளுக்கு' என்று பொருள் பிரித்துச் சேமிக்கப்படுகிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். பின்னால் வரும் வேலைகளில் இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

முதல் விதத்திலும் ஒரு இடைப்படி உண்டு. சில ஃபைல்களில் கோட்டுத் துண்டுகளாக இருந்தாலும், குறிப்பைக் கிளிக் செய்தால் அது சார்ந்த பரப்புகள் நிறம் மாறும். படிப்பவருக்கு இது பெரிய உதவி. நான்கு துளைகளுக்கான டாலரன்ஸ் மூன்றில் மட்டும் இணைந்திருந்தால் உடனே கண்ணில் படும். தாளில் அப்படி ஒரு பரிசோதனையே கிடையாது. '4 இடங்களில்' என்று எழுதியிருந்தால் எந்த நான்கு என்று நாமே தேட வேண்டும்.

பொருள் பிரித்த பி.எம்.ஐ. இருந்தால், பரிசோதனைக்கூடத்தில் என்ன மாறுகிறது என்று பாருங்கள். சி.எம்.எம். எனும் முப்பரிமாண அளவீட்டு இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதும் மென்பொருள் ஃபைலைத் திறந்ததும், அளக்க வேண்டிய பண்புகளின் பட்டியல் தானாக உருவாகிறது. விமானத் துறையில் முதல் பாகப் பரிசோதனைக்கு ஏ.எஸ்.9102 என்ற தரநிலை இருக்கிறது. டிராயிங்கில் உள்ள ஒவ்வொரு பண்புக்கும் எண் கொடுத்துக் கணக்குக் காட்ட வேண்டும். சிக்கலான பாகம் என்றால் பலூன் போடுவதிலேயே பொழுது போய்விடும். ஒன்று விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. பட்டியல் மாடலிலிருந்தே வரும்போது விட்டுப்போக வழியில்லை. ஒரு துளையை அளந்து 9.15 என்று வந்தால், அந்தத் துளைக்கு மட்டும் பொசிஷன் அனுமதி 0.65 என்று மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும். தாளை வைத்து வேலை செய்யும் இடங்களில் இந்தக் கூடுதல் அனுமதியைக் கணக்கில் எடுக்காமலேயே நல்ல பாகங்களைத் தள்ளிவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

உற்பத்தி இயந்திரத்தின் பக்கம் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எம்.பி.டி. விளக்கங்களில் இதற்குப் போதிய இடம் கொடுக்கப்படுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பேரிங் துளையை மாடலில் சரியாக 52.000 என்று வரைந்திருக்கிறோம். டாலரன்ஸ் 52.000 முதல் 52.030. சி.என்.சி. புரோகிராம் எழுதும் மென்பொருள் மாடலின் பரப்பை அப்படியே எடுத்துக்கொண்டு பாதை போட்டால், இயந்திரம் குறிவைப்பது 52.000. அது அனுமதியின் அடிவிளிம்பு. எந்த இயந்திரமும் குறிவைத்த அளவுக்கு இருபுறமும் கொஞ்சம் சிதறும். சிதறல் சமமாக இருந்தால் ஏறக்குறையப் பாதித் துளைகள் சிறியதாகவே வரும். குறிவைக்க வேண்டியது நடுவில், 52.015. ஸ்பிகாட்டிலும் இதே கதை, எதிர்த் திசையில்: 70 எச்7 (இங்கே தண்டுக்கான சிறிய எழுத்து h) அளவு என்றால் 69.970 முதல் 70.000, மாடல் 70.000 என்கிறது, நடு 69.985.

தாள் காலத்தில் இதை அனுபவமுள்ள ஆபரேட்டர் தானாகவே நடுவுக்கு மாற்றிக்கொண்டார். யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மாடல் நேராக இயந்திரத்துக்குப் போகும்போது அந்த மனிதரின் அறிவு வழியில் காணாமல் போகிறது. மாடலையே நடு அளவில் வரைந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் 52 மி.மீ. பேரிங் 52.015 துளையில் உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். எச்7 என்ற குறியீடும் பொருளிழந்து 52.015 ±0.015 என்று எழுத வேண்டி வரும். பெயரளவில் வரைந்து, பொருள் பிரித்த டாலரன்ஸைச் சேர்த்து, அதைப் படித்துப் பாதையை நடுவுக்கு நகர்த்தும்படி மென்பொருளை அமைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ப்ரொஃபைல் டாலரன்ஸில் இந்தச் சிக்கல் வருவதில்லை. அது இயல்பிலேயே பரப்பின் இருபுறமும் சமமாகப் பிரிந்திருக்கும். எந்த வழியைத் தேர்ந்தாலும் சரி, வடிவமைப்பாளரும் உற்பத்திப் பக்கமும் அதை எழுத்தில் பதிந்து வைத்திருக்க வேண்டும். இது வாய்ப்பேச்சில் விடக்கூடிய விஷயம் இல்லை.

ஃபைல் பயணம்

வடிவமைத்த மென்பொருளும் சப்ளையரின் மென்பொருளும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகள்கூட மோதலாம். ஏர்பஸ் ஏ380 திட்டத்தில் ஹாம்பர்க் அணியும் துலூஸ் அணியும் கேட்டியா என்ற கேட் மென்பொருளின் நான்காம், ஐந்தாம் பதிப்புகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தின. இரண்டுக்கும் இடையில் தகவல் முழுமையாகப் பரிமாறப்படாததால், விமானத்தின் ஒயர்கட்டுகள் பொருத்தும் இடத்துக்கு வந்தபோது நீளம் போதவில்லை. 2006இல் அந்தத் திட்டம் நீண்ட தாமதத்துக்கு உள்ளானதற்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று. அது எம்.பி.டி.யின் தோல்வி கிடையாது. ஆனால் மாடலை மூல ஆவணமாக்கும் யாரும் மறக்கக் கூடாத பாடம் அதில் இருக்கிறது: மாடல் ஒரு மென்பொருளுக்குள் சரியாக இருந்தால் போதாது, போய்ச்சேரும் இடத்திலும் அதே பொருளோடு திறக்க வேண்டும்.

அதற்கான பொதுவடிவம் ஸ்டெப். ஐ.எஸ்.ஓ. 10303 என்ற எண்ணில் 1994 முதல் வந்துகொண்டிருக்கும் தரநிலைக் குடும்பம் அது. அதன் வகைகளை ஏ.பி. என்ற எண்ணால் குறிப்பார்கள். விமானத் துறையில் பழகிய ஏ.பி.203, வாகனத் துறையில் பழகிய ஏ.பி.214 இரண்டையும் ஒன்றாக்கி 2014இல் ஏ.பி.242 வெளிவந்தது. பொருள் பிரித்த பி.எம்.ஐ.யைக் கொண்டுசெல்ல இன்று நம்பிக்கையோடு கேட்கக்கூடிய வடிவம் இதுதான். சப்ளையரிடமிருந்து 'ஸ்டெப் ஃபைல் வந்தது' என்று கேட்டால் உடனே அடுத்த கேள்வி, எந்த ஏ.பி. என்பதாக இருக்க வேண்டும். பழைய வகையில் ஏற்றுமதி செய்தால் வடிவம் மட்டும் போய்ச் சேர்ந்து டாலரன்ஸ்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடலாம். பார்வைக்காக மட்டும் அனுப்ப ஜே.டி., முப்பரிமாண பி.டி.எஃப். போன்றவை உண்டு. அளந்த முடிவுகளைத் திருப்பிக் கொண்டுவர க்யூ.ஐ.எஃப். இருக்கிறது, 2020இல் அது ஐ.எஸ்.ஓ. 23952 ஆனது.

ஃபைல் வழியில் சிதையவில்லை என்று எப்படித் தெரியும்? அனுப்பும் மென்பொருள் பாகத்தின் கன அளவு, மொத்தப் பரப்பளவு, ஈர்ப்பு மையம் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஸ்டெப் ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கலாம். பெறும் மென்பொருள் தன் பங்குக்கு மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுகிறது. எண்கள் பொருந்தவில்லை என்றால் எங்கோ ஒரு பரப்பு திரிந்திருக்கிறது. எளிமையான, ஆனால் மிகவும் பலமான ஏற்பாடு. இந்த வசதியை அமைப்புகளில் இயக்கி வைக்காமலேயே ஆண்டுக்கணக்கில் ஃபைல் அனுப்பிக்கொண்டிருக்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன என்பது வருத்தமான விஷயம்.

ரிவிஷனும் ஒரு சோதனைதான். ஹவுசிங்கில் வலுவூட்டும் ஒரு ரிப்பைச் சேர்த்து மாடலைப் புதுப்பித்தால், உள்ளுக்குள் சில பரப்புகளுக்குப் புதிய அடையாள எண் கிடைக்கலாம். பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த டாலரன்ஸ் அந்தரத்தில் நிற்கும். சி.எம்.எம். புரோகிராம் எதைச் சார்ந்தது என்றும் தெரியாமல் போகும். ஒவ்வொரு டாலரன்ஸுக்கும் ரிவிஷன்களைத் தாண்டி மாறாத ஒரு அடையாளம் இருந்தால், மூன்று ஆண்டுகளாக இந்தப் பேரிங் துளை எப்படி வந்துகொண்டிருக்கிறது என்பதை ஒரே இழையில் பின்தொடர முடியும். க்யூ.ஐ.எஃப். இதை ஆரம்பத்திலேயே எண்ணி அமைக்கப்பட்டது. 0.02 என்று பயந்து பயந்து கொடுத்த டாலரன்ஸ் அவசியமா, உற்பத்தியில் அது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று வடிவமைப்பாளர் தன் மேசையிலிருந்தே பார்க்கும் வாய்ப்பு இதனால் வருகிறது.

தயக்கம் எங்கிருந்து வருகிறது

இத்தனை பலன் இருந்தும் டிராயிங் இன்னும் ஏன் போகவில்லை? மென்பொருள் இல்லாதது காரணமா என்றால், பெரிய கேட் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் பி.எம்.ஐ. எழுதும் வசதி வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஷாப் ஃப்ளோரில் திரை இல்லை, எண்ணெய்க் கையோடு மவுஸைப் பிடிக்க முடியாது என்பவை உண்மையான சிரமங்கள், தீர்க்கக்கூடியவையும்தான். ஒப்பந்தத்தில் 'டிராயிங்' என்ற சொல் இருப்பதும், கையெழுத்து எங்கே போடுவது என்று ஆடிட்டர் கேட்பதும் அதே வகை.

ஆழமான காரணம் வேறு. தாளில் ஒரு டாலரன்ஸைத் தெளிவில்லாமல் எழுதினாலும் வேலை ஓடிவிடும். டேட்டம் சொல்லாமல் ஒரு விளிம்பிலிருந்து அளவு கொடுத்தால், எதைப் பிடித்து எதை அளக்க வேண்டும் என்று கடைசல் பிடிப்பவர் ஊகித்துக்கொள்கிறார். பரிசோதகர் வேறு விதமாக ஊகிக்கிறார். சண்டை வந்தால் போனில் பேசித் தீர்க்கிறார்கள். கணினி ஊகிக்காது. டேட்டம் எந்தப் பரப்பில் நிற்கிறது என்று சொல்லாவிட்டால் பொருள் பிரித்த பி.எம்.ஐ. எழுதவே முடியாது. அதாவது எம்.பி.டி. கேட்பது ஜி.டி. அண்ட் டி.யில் உண்மையான தேர்ச்சியை. பாகம் எப்படி உட்காருகிறது, எதற்காக வேலை செய்கிறது என்று வடிவமைப்பாளர் முதலில் யோசித்திருக்க வேண்டும். பல நிறுவனங்கள் மென்பொருள் உரிமத்துக்குச் செலவழித்துவிட்டு, இந்தப் பயிற்சிக்கு இரண்டு நாள் ஒதுக்குகின்றன. முயற்சி பாதியில் நிற்பதற்கு நான் காணும் முதல் காரணம் இதுதான்.

ஆண்டுகள் பற்றிய கேள்வியும் இருக்கிறது. ஒரு விமானம் பல பத்தாண்டுகள் பறக்கும். அதன் பாகத்தை வரைந்த மென்பொருள் அவ்வளவு காலம் அதே வடிவில் இருக்காது. டிராயிங் தாளை எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பிரித்துப் படிக்கலாம். மாடலுக்கு அந்த உறுதியைக் கொடுக்க விமானத் துறை லோட்டார் என்ற கூட்டு முயற்சியை நடத்துகிறது. இ.என். 9300 என்ற தரநிலைத் தொடர் அதிலிருந்து வந்தது: ஸ்டெப் போன்ற பொதுவடிவத்தில் சேமி, மேலே சொன்ன சரிபார்ப்பு எண்களைக் கூடவே வை, பின்னாளில் திறக்கும்போது அவற்றோடு ஒப்பிடு என்பது அதன் சாரம்.

தொடங்க நினைப்பவர்கள் பழைய டிராயிங்குகளை மாடலாக மாற்றும் வேலையில் இறங்க வேண்டாம். அது முடியாத சுமை, பலனும் குறைவு. புதிதாக வடிவமைக்கும் ஒரு பாகம், நன்றாகப் பேசிப் பழகிய ஒரு சப்ளையர், கூடவே பரிசோதனைப் பிரிவிலிருந்து ஒருவர், இது போதும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை அமைப்பான நிஸ்ட், பி.எம்.ஐ. பரிசோதனைக்காகவே சில மாதிரிப் பாகங்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. ஒரு ஸ்டெப் ஃபைலுக்குள் உள்ள டாலரன்ஸ்களில் எவை வெறும் கோடுகள், எவை பொருள் பிரித்தவை என்று பிரித்துக் காட்டும் மென்பொருளையும் அதே நிறுவனம் இலவசமாகத் தருகிறது. உங்கள் மென்பொருளிலிருந்து ஏ.பி.242 ஃபைல் ஒன்றை ஏற்றுமதி செய்து முதலில் அதில் போட்டுப் பாருங்கள். எழுதிய குறிப்புகளில் எத்தனை பொருளோடு வெளியே வந்திருக்கின்றன, எவை எந்தப் பரப்போடும் சேராமல் நிற்கின்றன என்பது அங்கேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் முதல் முறை ஏற்றுமதி அமைப்புகளில் ஏதோ ஒன்று தவறாக இருக்கும். அதைச் சரிசெய்து, மறுபடி ஏற்றுமதி செய்து, சப்ளையரின் மென்பொருளிலும் சி.எம்.எம். மென்பொருளிலும் திறந்து அதே டாலரன்ஸ்கள் அதே பரப்புகளில் நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து பார்த்த பிறகே உலோகத்தில் கை வைக்கலாம்.